பச்சை டிக்கை நம்பாதவர்

எங்கள் அறைக்கு வந்த முதல் நாள், உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார் அவர். உட்கார்ந்த பிறகு, "இது யாரு உட்கார்ற சேருங்க?" என்று கேட்டார். உங்களுக்காகவே போட்டதுதான் என்றேன்.

"புதுசுங்களா?"

"ஆமாங்க சார்."

கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். "புதுச் சேருல சூயிங்கம் ஒட்டியிருக்காதுங்களே, அம்மணி" என்றார்.

அது பரீட்சைப் பிரிவில் கழித்துப் போட்ட நாற்காலி. காலையில்தான் தனபால் தூக்கிக்கொண்டு வந்து தூசி தட்டிப் போட்டிருந்தான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவர் வேறு நாற்காலி கேட்கவில்லை. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தார். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காதை எங்களுக்காகத் திறந்து வைத்துக்கொண்டார். அந்த மறு காதுதான் அடுத்த மூன்று வருஷம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அது. புத்தகமாக இருக்கும் பாடங்களைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. நானும் தனபாலும், எங்களுக்கு மேலே ஒரு மேடமும், அவ்வளவுதான் பிரிவு. பார்வையற்ற மாணவர்களும் படிக்கிற மாதிரி எல்லாப் பாடங்களையும் மாற்றித் தர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அந்த மாணவர்கள் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பார்கள். திரையில் இருக்கும் எழுத்தை அது குரலில் வாசிக்கும். ஆனால் புத்தகத்தை அப்படியே போட்டோ எடுத்துப் போட்டால் வாயைத் திறக்காது. அதற்கு எழுத்து, படமாக இல்லாமல், எழுத்தாகவே இருக்க வேண்டும். படம் இருந்தால் அது என்ன படம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் மாற்றியது சரியா என்று பார்க்க ஒரு மென்பொருளும் இருந்தது. பாடத்தை அதற்குள் போட்டால், ஓடி முடித்து வரிசையாகப் பச்சை டிக் காட்டும். எல்லாம் பச்சை என்றால் வேலை முடிந்தது. பார்வையற்ற ஒருவரும் கேட்டுப் பார்த்தார் என்று காகிதத்தில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் அவரை ஒப்பந்தத்தில் எடுக்கிறோம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அவரிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள் போல.

அன்று மதியமே தாவரவியல் பாடம் ஒன்றைக் கொடுத்தேன்.

"எல்லாம் பச்சைங்க சார். நீங்க ஓகே போட்டீங்கன்னா ஏத்திரலாம்."

"பச்சைன்னா என்னங்க?"

"சரியா இருக்குதுன்னு அர்த்தங்க."

"யாரு சொன்னதுங்க?"

"சாஃப்ட்வேருங்க."

"அது பாடத்தைப் படிச்சுதுங்களா?"

அவர் பாடத்தைக் கேட்க ஆரம்பித்தார். அவர் வைத்திருந்த வேகத்தில் அந்தக் குரல் எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். அரை மணி நேரம் கழித்து இயர்போனைக் கழற்றாமலே சொன்னார்: "இருபத்திரண்டு படம் இருக்குதுங்க. இருபத்திரண்டுக்கும் 'படம்'னு எழுதியிருக்குதுங்க. படத்துக்கு விளக்கம் படம். நெம்பச் சந்தோஷமுங்க."

விளக்கம் எழுதும் இடம் காலியாக இல்லாமல் ஏதாவது ஒரு சொல் இருந்தால் மென்பொருளுக்குப் போதும், பச்சை காட்டிவிடும். தனபால் அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொல்லியிருந்தான். நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

அதை எங்களிடம் சொன்னதோடு அவர் விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று மாலையே மேடத்துக்கு மின்னஞ்சல் போனது. பதிவாளருக்கும் ஒரு நகல்.

"ஆள் பதிவாளர் அனுப்புன ஆளுங்க அக்கா" என்றான் தனபால். "நம்ம என்ன பண்றோம்னு பாத்துச் சொல்றதுக்கு வெச்சிருக்காங்க." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றிலிருந்து அவருக்கு எங்களுக்குள் 'சந்தேகம் சார்' என்று பெயர்.

எதையும் முதல் தடவையிலேயே அவர் ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. எங்கள் லிஃப்ட் மாடி எண்ணைக் குரலில் சொல்லும். ஒரு நாள் இரண்டாம் தளம் என்று சொல்லிவிட்டு மூன்றாவதில் நின்றது. அதற்குப் பிறகு அவர் படிதான். ஏறும்போது உதடு அசைய எண்ணிக்கொண்டே வருவார். தண்ணீர் கேனில் தண்ணீர் பிடிக்கும்முன், எப்போது மாற்றியது என்று கேட்பார். இன்று காலை என்று தனபால் சொன்னால், என்னிடமும் தனியாகக் கேட்பார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் டம்ளர் நீளும். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டார். "கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க" என்பார், அவ்வளவுதான். அந்த 'ங்க' எங்களுக்குச் சாட்டை மாதிரி விழும்.

அவருடைய சந்தேகம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நாங்கள் அவரையே சந்தேகப்பட ஆரம்பித்தோம். யார் உள்ளே வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரே, உண்மையிலேயே கண் தெரியாதா? தனபால்தான் முதலில் கேட்டான். கேட்டவன் அதோடு மறந்துவிட்டான். எனக்குத்தான் அது உள்ளே கிடந்து அரித்தது.

ஒரு நாள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில், 'நீங்கள் நடிக்கிறீர்கள்தானே?' என்று எழுதினேன். எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆனால் தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றது.

"தாளைத் தூக்கிப் பிடிச்சிருக்கறீங்க. என்னத்துக்குங்க அம்மணி?"

"காத்துக்குங்க சார். புழுக்கமா இருக்குது."

"அது விசிறுன சத்தமில்லைங்களே" என்றார். சற்று நேரம் கழித்து, "எழுதுன சத்தமும் கேட்டுதுங்க" என்றார். மறுபடி தட்டச்சு செய்யப் போய்விட்டார். என்ன எழுதியிருந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதோ ஒரு பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

இன்னொரு விஷயம், போன். மதியம் சாப்பிட்டதும் தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலுக்குப் போய் நின்றுகொள்வார். வரிசையாகப் போன் வரும். அவர் அதிகம் பேசமாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள் அந்தப் பக்கம் போனால் பேச்சு நிற்கும். பதிவாளர் அலுவலகம்தான் என்று தனபால் சத்தியம் செய்தான். ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்கப் போகிற சாக்கில் அருகில் போனேன். போனில் ஒரு பெண் குரல், பாடத்தின் ஒரு பத்தியை ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தது. "மறுக்காச் சொல்லு கண்ணு" என்றார் அவர். "அந்த வார்த்தை அப்படியா கேக்குது? சரி. நான் பாத்துக்கறேன்."

எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பார்வையற்ற மாணவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துத் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். அவர்களுடைய கணினியில் பாடம் எப்படிக் கேட்கிறது என்று தினமும் அவர்கள் அவருக்குச் சொல்வார்கள். அதில் எங்கள் தப்புகள்தான் பாதி. ஆக, எங்களைப் பற்றித்தான் பேசினார் என்று நாங்கள் சந்தேகப்பட்டது சரி. யாரோடு பேசினார் என்பதில்தான் தப்பு.

அன்றைக்குப் பிறகு அவர்மேல் எனக்கு இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. டீ குடிக்கப் போகும்போது கூடப் போக ஆரம்பித்தேன். மதுக்கரையில் அவர் வீடு. அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். கல்லூரியில் படிக்கும்போது இவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட ஆட்கள் வருவார்களாம்.

"நல்லவங்கதானுங்க எல்லாரும். ஆனா அவங்களுக்கும் அலுத்துப் போகுமுல்லீங்க. நடுவுல தாளைத் திருப்பற சத்தம் ரெண்டு தடவை கேக்கும். ஒரு பக்கத்துக்கு என்னத்துக்குங்க ரெண்டு சத்தம்? ஒரு பக்கத்தைத் தாண்டிப்போட்டாங்கன்னு தெரியும். ஓசியில வந்து படிச்சுக் காட்டறவங்ககிட்ட என்னன்னு கேக்கறதுங்க? அப்படிக் கேக்காம விட்டுத்தான் ஒரு பரீட்சை போச்சுங்க எனக்கு."

"அதனாலதான் யாரையும் நம்பறதில்லைங்களா?"

"நம்பறனுங்க. கேட்டுப்போட்டு நம்பறன்."

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். படங்களுக்கு விளக்கம் எழுத நான் பழகிவிட்டேன். இலையின் குறுக்குவெட்டு என்றால், நடுவில் என்ன, ஓரத்தில் என்ன என்று சொல்லில் வரைய வேண்டும். நான் எழுதியதை அவர் கேட்பார். சில நாள் தலையை ஆட்டுவார். "நீங்க எழுதறது எனக்குத் தெரியுதுங்க" என்று ஒரு தடவை சொன்னார். அந்த வார்த்தையை வீட்டில் போய் என் கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் குழு வருகிறது என்று அவசரம் வந்தது. பழைய புவியியல் புத்தகம் ஒன்று, நாற்பது பாடம், ஒரே வாரத்தில் ஏற்ற வேண்டும். அவரிடம் ஏற்கெனவே வேறு பாடங்கள் குவிந்து கிடந்தன. புவியியலை நான் கேட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று நானே சொன்னேன். மூன்று பாடம் முழுசாகக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. மீதி எல்லாவற்றையும் மென்பொருளில் போட்டேன். எல்லாம் பச்சை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேசைக்கு வந்தார்.

"நாப்பதும் கேட்டீங்களா அம்மணி?"

"கேட்டுட்டேங்க சார்."

நான் எதிர்பார்த்தது அடுத்த கேள்வியை. அது வரவில்லை. "நீங்க கேட்டுப்போட்டீங்கன்னா எனக்குச் சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழில் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். கையெழுத்துப் போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. சந்தேகம் சாரை ஏமாற்றிவிட்டோமே என்று.

பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்தும் சமயம், அவருக்கு ஒரு போன் வந்தது. எப்போதும்போல ஜன்னலுக்குப் போனவர், திரும்பி வரும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

"புவியியல் ஏழாம் பாடத்தை எனக்கு அனுப்புங்க அம்மணி."

அனுப்பினேன். கேட்டார். சாதாரணமாக எதைக் கேட்டாலும் கழற்றாத இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

விஷயம் என்னவென்று மேடம் சொல்லித்தான் தெரிந்தது. பார்வையற்ற மாணவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சத்தியமங்கலத்துக் கௌசல்யா, இன்னொருவன் பல்லடம் பக்கத்துப் பையன். ஒரே அறையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல வேறு இருவர் எழுத, புவியியல் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு பேர் விடையும் சொல்லுக்குச் சொல் ஒன்று. சரியான விடையாக இருந்தால் மனப்பாடம் என்று விட்டிருப்பார்கள். இது அர்த்தமில்லாத விடை. ஒரே உளறலை இரண்டு பேர் எப்படி எழுத முடியும்? காப்பி என்று எழுதி விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள். நிரூபணமானால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சை எழுத முடியாது.

நான் என் மேசைக்கு வந்து ஏழாம் பாடத்தைத் திறந்தேன். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எழுத்து இரண்டு பத்தியாக, பேப்பரில் வருகிற மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருந்தது. இடது பத்தியில் பவானி ஆறு. வலது பத்தியில் பருவமழை. நான் இயர்போனை மாட்டிக்கொண்டு, செய்திருக்க வேண்டிய நாளில் செய்யாததை அன்றைக்குச் செய்தேன். அந்தக் குரல் இடது பத்தியின் ஒரு வரியை வாசித்தது, அங்கிருந்து நேராக வலது பத்திக்குத் தாவியது, மறுபடி இடது.

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் என்னிடம் வேலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. பதிவாளரிடம் சொல்லிவிட்டாரா? மேடத்திடம்? யாராவது என்னைப் பார்த்தாலே, தெரிந்துதான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. நானாகப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விசாரணை தேர்வு அலுவலரின் அறையில் நடந்தது. அலுவலரும் இரண்டு பேராசிரியர்களும் ஒரு பக்கம். மேடமும் நானும் சாரும் இன்னொரு பக்கம். கௌசல்யா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லடத்துப் பையன் சுவரோரம் நின்றான். கௌசல்யாவின் அப்பா மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் சொன்னார்: "எம்புள்ளைக்குக் கண்ணே தெரியாதுங்க. எங்க பாத்துங்க காப்பியடிப்பா?"

"பாத்துத்தான் அடிக்கோணும்னு இல்லீங்களே. வாயில சொல்லிக்கலாமே" என்றார் தேர்வு அலுவலர். பிறகு கௌசல்யாவிடம் கேட்டார்: "ஏம்மா, உனக்குச் சத்தியமங்கலம். பவானி உங்க ஊர் வழியாத்தானே போகுது? அது அரபிக்கடல்ல இருந்து ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வந்து காவிரியில கலக்குதுன்னு எழுதியிருக்கியே, உனக்கே தப்புன்னு தெரியலையா?"

"தெரியுமுங்க சார்" என்றாள் அவள். "நான் குளிச்ச ஆறுங்க. ஆனா பாடத்துல அப்படித்தானுங்க இருக்குது. பாடத்துல இருக்கறதை எழுதினாத்தானுங்களே மார்க்குப் போடுவீங்க?"

சார் மடிக்கணினியைத் திறந்தார். குரலின் வேகத்தைக் குறைத்தார். நடந்து வருகிற வேகம். "பவானி ஆறு நீலகிரியின் தென்மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் தோன்றிப் பின்னர் கிழக்கே திரும்பி அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வந்து காவிரியில் கலக்கிறது மலைகளில் மழையாகப் பொழிகிறது" என்று அது வாசித்தது. ஒரு பேராசிரியர் விடைத்தாளின் வரியில் விரலை வைத்திருந்தார். குரலோடு கூடவே அந்த விரலும் நகர்ந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை.

பல்லடத்துப் பையன் சுவரோரம் நின்றபடி அழ ஆரம்பித்தான்.

தேர்வு அலுவலர் தண்ணீர் குடித்தார். "இந்தப் பாடத்தைக் கேட்டுச் சரின்னு சொன்னது யாரு?"

"கடைசிக் கையெழுத்து என்னோடதுங்க" என்றார் அவர்.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லைங்க. இந்தப் புத்தகத்தை மட்டும் கேக்கலைங்க."

"ஏன்?"

அவர் முகம் என் பக்கம் திரும்பவில்லை. "ஒருத்தர் கேட்டேன்னு சொன்னாங்க. நம்பிட்டேனுங்க" என்றார்.

பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தேர்வு அலுவலர் குறிப்பேட்டில் ஏதோ எழுதக் குனிந்தார். சாருடைய பெயரைத்தான் எழுதப் போகிறார் என்று தெரிந்தது. இன்னும் அரை நிமிஷம் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் அதோடு முடிந்துபோகும்.

"நான்தாங்க சார்" என்றேன். "மூணு பாடந்தான் கேட்டேன். மீதியைக் கேட்டதாப் பொய் சொல்லிட்டேன்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கௌசல்யா என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். அவள் ஏதாவது திட்டியிருக்கலாம். "நீங்களா அக்கா இலைப் படமெல்லாம் எழுதினது? அது நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

வழக்கு அங்கேயே கைவிடப்பட்டது. அந்தக் கேள்விக்கு இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தார்கள். எனக்கு மெமோவும், சம்பள உயர்வு நிறுத்தமும். அவருக்கும் ஒரு மெமோ.

தாழ்வாரத்தில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவரே பேசினார்.

"சொல்லிப்போட்டீங்க. நல்லதுங்க."

"நான் சொல்லாம இருந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா சார்?"

யோசித்தார். "தெரியலைங்க" என்றார். "ஆனா ஒண்ணுங்க அம்மணி. இனிமே நீங்க கேட்டதை நானும் கேப்பனுங்க."

சொன்னபடி செய்தார். நான் ஏற்றிய அத்தனை பாடங்களையும் முதலிலிருந்து கேட்டார். கேட்டுட்டேங்க சார் என்று நான் சொன்னால், "பன்னெண்டாம் பக்கத்துல கடைசிப் பத்தி என்னங்க?" என்பார். நான் சொல்வேன். அப்படியும் போய்க் கேட்பார். முன்பு 'சந்தேகம்' என்று சிரித்த நான், அந்தக் கேள்விக்காக ராத்திரி வீட்டிலும் பாடம் கேட்டுக்கொண்டு கிடந்தேன். டீ குடிக்க என்னோடு வருவதை அவர் நிறுத்தவில்லை. "நீங்க எழுதறது எனக்குத் தெரியுதுங்க" என்று மட்டும் அதற்குப் பிறகு ஒரு தடவையும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. நிதி இல்லை என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையா, அந்த மெமோவா, பதிவாளருக்குப் போன மின்னஞ்சல்கள் போதும் போதும் என்று ஆகிவிட்டதா, எனக்குத் தெரியாது. மேடத்திடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மூன்று விதமாகச் சொன்னார்.

போன மாதம் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. கம்பத்தில் சாய்ந்து, பஸ் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மதுக்கரை என்று பலகை போட்ட பஸ் ஒன்று வந்து நின்றது. பலகையை மட்டும் பார்த்து அவரிடம் சொல்லப் பயமாக இருந்தது. ஓடிப் போய்க் கண்டக்டரிடம் கேட்டேன். மதுக்கரை மார்க்கெட் வரைக்கும் போகும் என்றார். திரும்பி வந்து, "சார், இது மதுக்கரை பஸ்ஸுங்க. கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்றேன்.

குரலை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. "அம்மணிங்களா! ஊட்டுல எல்லாம் சௌக்கியமுங்களா?" என்றார். கையை நீட்டி என் தோளைத் தட்டினார். பிறகு பஸ் பக்கம் திரும்பி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"ஏனுங்க, இது மதுக்கரை போகுதுங்களா?"

"ஆமாங்க, மார்க்கெட் வரைக்கும் போகுது" என்றார் அந்தப் பெண்.

படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்தபடி, என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கறீங்க" என்றார்.